மஞ்சள் தலைக் குருவியின் கூடு

உயிரோடிருக்கிற ஒருத்திமேல் பொறாமை வந்தால் அதற்கு ஆயிரம் வழியுண்டு. அவள் உடுக்கிற சாரியைப் பழிக்கலாம். அவள் ஆக்குகிற கறிக்கு உப்புக் காணாது என்று அயல் வீட்டில் சொல்லி வைக்கலாம். ஒன்றுமே முடியாவிட்டால் கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டாவது போகலாம். மௌத்தாகிப் போனவள்மேல் பொறாமை வந்தால் என்ன செய்வது? அவளுக்கு வயது போவதில்லை. அவள் சிடுசிடுப்பதில்லை. அவள் ஆக்கிய கறி ஒரு நாளும் அடிப்பிடித்ததில்லை. ஜுனைதாவுக்கு வாய்த்த சக்களத்தி அப்படிப்பட்டவள்.

பெயர் சித்தி லைலா. ஊருக்கு லைலா ரீச்சர். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள். சுனாமியில் கடல் வந்த அன்று கல்முனைக்குடிக் கடற்கரை வீட்டோடு போனவள். அவள் புருசன் றஸாக் மாஸ்டரை, மூன்று வருடம் கழித்து, ஜுனைதா நிக்காஹ் முடித்தாள். அவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். ஒரே மகள் ஸம்றா. போனவள் புருசனையும் மகளையும் விட்டுப் போனதோடு நிற்காமல், ஒரு படத்தையும் விட்டுப் போயிருந்தாள். ஜுனைதாவின் வயிற்றெரிச்சலுக்கு அந்தப் படம்தான் விறகு.

ஹோலில், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரித் தொங்கியது அது. பிரிஸ்டல் போட் அட்டையில் கலர் பென்சிலால் கீறி, பொலித்தீன் உறை போட்டிருந்தது. தென்னோலை நுனியில் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு. கூட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வாயில் நாரோடு, மஞ்சள் தலைக் குருவியொன்று. பக்கத்து ஓலையில் இருந்து அதைப் பார்க்கிற மண் நிறக் குருவியொன்று. மஞ்சளுக்குக் கீழே ‘பெண்’ என்றும் மண் நிறத்துக்குக் கீழே ‘ஆண்’ என்றும் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுமுன் “ரீச்சர் கீறினதா? மாஷா அல்லாஹ்” என்பார்கள். தேத்தண்ணி கொண்டுவருகிற ஜுனைதாவை அதற்குப் பிறகுதான் காண்பார்கள்.

இந்த இடத்தில் வீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஜுனைதாவின் மேல் உங்களுக்குக் கோபம்தான் வரும்.

இந்தக் கரையில் பெண் பிள்ளை பிறந்தால் வாப்பா கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவார். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை ஒரு சூட்கேசோடு வந்து ஏறுவார், சண்டை வந்தால் அதே சூட்கேசோடு இறங்குவார். எவ்வளவு பெரிய உத்தியோகக்காரனாக இருந்தாலும் அவன் மனைவி வீட்டில்தான் இருக்கிறான். அதனால்தான் எங்கள் பெண்கள் அடுப்படியிலிருந்து கதைத்தாலும் குரல் தெருவுக்குக் கேட்கும். ஜுனைதாவுக்கும் அவள் வாப்பா சாய்ந்தமருதுக் கடற்கரையில் வீடொன்று எழுப்பிக்கொண்டிருந்தார். யன்னலுக்கு மேல் மட்டம் வரைக்கும் சுவர் வந்திருந்தது. எந்த அறையில் கட்டில், எந்த மூலையில் தையல் மெசின் என்றெல்லாம் அவள் மனதில் போட்டு வைத்திருந்தாள். கடல் ஒரு காலையில் வந்து அந்தச் சுவரையும் வாப்பாவின் தோணியையும் எடுத்துக்கொண்டு போனது. பேசி வைத்திருந்த மாப்பிள்ளையும் வீடில்லாத பெண்ணுக்கு என்ன செய்வது என்று வேறு இடம் பார்த்துக்கொண்டான்.

பிறகு வந்தது றஸாக் மாஸ்டரின் சம்பந்தம். கடற்கரையில் வீடிழந்தவர்களுக்கென்று வட்டையோரம், அதாவது ஊருக்கு மேற்கே வயல்வெளி தொடங்குகிற இடத்தில், வரிசையாக வீடுகள் கட்டிக் கொடுத்திருந்தார்கள். லைலாவின் சீதன வீட்டுக்குப் பதிலாக அங்கே ஒன்று கிடைத்திருந்தது. பத்திரத்தில் றஸாக்கின் பெயர் இருந்தது. ஆனால் அது லைலாவின் வீடு, நாளைக்கு ஸம்றாவின் வீடு என்பது ஊருக்குத் தெரியும். ஊரெல்லாம் மாப்பிள்ளைமார் சூட்கேசோடு போக, ஜுனைதா மட்டும் தன் சூட்கேசைத் தூக்கிக்கொண்டு இன்னொருத்தியின் வீட்டில் ஏறினாள். அவளுடைய உம்மா அன்று அழுதது பிரிவுக்காக அல்ல, வெட்கத்துக்காக.

வந்த நாளிலிருந்து ஜுனைதாவுக்கு ஓர் ஆசை. பெரிய ஆசையில்லை. அந்த வீட்டில் தனக்கென்று ஓர் இடம் வேண்டும். ஸம்றா அவளைச் சின்னம்மா முறையில் ‘சாச்சி’ என்பாள், மரியாதையாகத்தான். சொன்ன வேலை செய்வாள், எதிர்த்துக் கதைக்க மாட்டாள். விருந்துக்குப் போன வீட்டில் பிள்ளைகள் எவ்வளவு அடக்கமாக இருக்குமோ அவ்வளவு அடக்கம். அதுதான் ஜுனைதாவைக் கொன்றது. ஒரு நாளைக்காவது இந்தப் பிள்ளை என்னோடு சண்டை பிடிக்காதா என்று ஏங்கினாள். அவளும் பயந்து பயந்து ‘ஸம்றா’ என்றுதான் கூப்பிடுவாள். ‘மகள்’ என்று வாய்வரைக்கும் வரும், சுவரிலே படம் இருக்கும், சொல் திரும்பிப் போய்விடும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் குருவிகள் வந்து விழுந்தன.

நாட்டில் சண்டை முடிந்து ஒரு வருடமாகியிருந்தது. அதற்கு முந்தி வட்டைப் பக்கம் விடியவேளைக்குப் போகவே பயம். பைனாகுலரோடு வாய்க்கால் கரைக் கட்டில் நிற்கிறவன் ‘நான் கொக்குப் பார்க்கிறேன்’ என்று சொன்னால் எந்தச் சோதனைச் சென்றியில் ஆமிக்காரன் நம்புவான்? இப்போது சென்றிகளைக் கழற்றிவிட்டார்கள். ஒரு நிறுவனம் ‘நம்ம ஊர்ப் பறவைகள்’ என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் வாய்க்கால் கட்டில் பறவை பார்த்தல். வீட்டுத்திட்டப் பெண்களுக்குக் கிழமையில் ஒரு பின்னேரம் முன்பள்ளி மண்டபத்தில் வகுப்பு. நடத்துகிறவள் கஜேந்தினி என்கிற காரைதீவுப் பிள்ளை. ஸ்கூட்டியில் வருவாள், பையில் நாலைந்து பைனாகுலரும் பறவைப் படங்களும் இருக்கும். பாடசாலைப் பக்கத்துக்குப் பொறுப்பு றஸாக் மாஸ்டர்.

சனிக்கிழமைகளில் ஜுனைதா வெள்ளெனவே எழும்பி ரொட்டி சுட்டு, சம்பல் இடித்துக் கட்டிக் கொடுப்பாள். வாப்பாவும் மகளும் போய், வெயிலேறினதும் வாய் நிறையக் குருவியோடு திரும்பி வருவார்கள்.

“ஆட்காட்டி முட்ட போட்டிரிக்கி சாச்சி, வெறுந்தரையில! உம்மா சொன்ன மாதிரியே கல்லுப் போலதான் இரிக்கி.”

“தாழைக்கோழி ஓடினதப் பாத்தீங்களா வாப்பா? உம்மா ஒருக்கா நடந்து காட்டின, நெனவிருக்கா?”

வாப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பை அவர் ஜுனைதாவுக்கு ஒரு நாளும் சிரித்ததில்லை. ரொட்டி எப்படி இருந்தது என்று இருவரும் சொல்ல மாட்டார்கள். லைலா உயிரோடிருந்த காலத்தில் பாடசாலை வளவுக்குள் காகம், மைனா, கொண்டைக்குருவி என்று கண்டதைக் காட்டிப் படிப்பித்தாளாம். இப்போது வட்டை திறந்ததும் ஒவ்வொரு குருவியின் முதுகிலும் அவள் ஏறி வந்து வீட்டுக்குள் இறங்கினாள். ஜுனைதாவுக்கு மீன்கொத்தியைக் கண்டாலும் ஆத்திரம், செண்பகம் கத்தினாலும் ஆத்திரம்.

அவள் பெண்களின் வகுப்புக்குப் போகத் தொடங்கினது அறிவு வளர்க்க அல்ல. இந்தக் குருவிச் சங்கதியில் அப்படி என்னதான் இருக்கிறது, போனவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போகுமா என்ற வீம்பில்தான் போனாள். வீம்பில் படிக்கிறவர்கள் நன்றாகப் படிப்பார்கள். நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம், உள்ளான் எந்த மாதம் வரும் எந்த மாதம் போகும் எல்லாம் அவளுக்குப் பாடமாகிவிட்டது. கஜேந்தினி கேள்வி கேட்டால் முதலில் உயர்கிற கை ஜுனைதாவுடையது. ஆனால் வீட்டுக்குப் போய் ஒரு சொல் சொல்ல மாட்டாள். சொன்னால் ‘உம்மாவும் அப்பிடித்தான் சொன்ன’ என்று பதில் வரும் என்ற பயம்.

ஒரு பின்னேரம் கஜேந்தினி தூக்கணாங்குருவியை எடுத்தாள்.

“கூடு கட்டுறது ஆண் குருவிதான். முட்ட போடுற காலத்தில அதுக்குத் தலை மஞ்சளாகும். பாதி கட்டினதும் பெண் குருவி வந்து உள்ள போய்ப் பாக்கும். பிடிச்சா இருக்கும். பிடிக்காட்டிப் போயிடும். பிடிக்காத கூட்ட ஆண் குருவி அப்பிடியே விட்டுட்டு வேற கட்டத் தொடங்கும்.”

மண்டபம் கலகலத்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சல்மா உம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. தொழுகைப் பாயிலும் பக்கத்தில் இருப்பவளுக்கு ஒரு கதை வைத்திருப்பவள் அவள்.

“இதென்ன மிஸ், நம்மட ஊருக்கு நேர்மாறாக் கிடக்கு! இஞ்ச பொண்ணுட வாப்பா ஊடு கட்டி முறிய, மாப்பிள கால ஆட்டிக்கிட்டு வந்து இரிப்பாரு. அங்க மாப்பிள கட்டிப்போட்டு வாசல்ல நிக்கானே!” என்றவள் திரும்பி ஜுனைதாவைப் பார்த்தாள். “நம்மட ஜுனைதாதான்கா குருவிட சாதி. மாப்பிளட கூட்டுக்குப் போனவ. அதுவும் ஆரோ இருந்த கூடு.”

எல்லாரும் சிரித்தார்கள். ஜுனைதாவும் சிரித்தாள், சிரிக்காமல் இருந்தால் இன்னும் கேவலம். காது மடல் எரிந்தது. அந்த எரிச்சலோடு இருக்கும்போதுதான் அவளுக்குச் சட்டென்று ஒன்று தட்டுப்பட்டது. மஞ்சள் தலை ஆண். கூடு கட்டுவது ஆண். அப்படியென்றால் வீட்டுச் சுவரில் மஞ்சள் தலைக்குக் கீழே ‘பெண்’ என்று எழுதியிருக்கிறதே!

லைலா ரீச்சர் பிழை விட்டுவிட்டாள்.

அல்லாஹ்வே, அந்த நேரம் ஜுனைதாவுக்கு வந்த சந்தோசத்தை எப்படிச் சொல்வது! வீடு பெண்ணுடையது என்கிற ஊர்ப் பழக்கத்தில், கட்டுகிற குருவியும் பெண்ணாகத்தான் இருக்கும் என்று நினைத்துக் கீறியிருக்கிறாள். வேறெந்த ஊர் ரீச்சருக்கும் இப்படிப் பிழை வராது. ஊரெல்லாம் தலையில் வைத்துக்கொண்டாடுகிற ரீச்சர்! ஜுனைதா அன்று வீடு திரும்பியதும் முதன்முறையாக அந்தப் படத்துக்கு முன்னால் நின்று ஆறுதலாகப் பார்த்தாள்.

ஆனாலும் அவள் அவசரப்படவில்லை. கண்ணால் கண்டு உறுதி செய்யாமல் வாய் திறக்கக் கூடாது என்று, மறுநாள் காலை தனியாக வாய்க்கால் கட்டுக்குப் போனாள். வாய்க்காலுக்குக் குறுக்கே சரிந்து நின்ற தென்னையில் கூடுகள் தொங்கின. கீழே சிறுபோக வயல் பச்சையாகக் கிடந்தது. கஜேந்தினி சொன்னது அத்தனையும் உண்மை. மஞ்சள் தலையன் வயலுக்குப் பறந்து, நெல்லோலையை நாராகக் கிழித்து வந்து, பின்னிப் பின்னிக் கட்டினான். மண் நிறத்தாள் வந்தாள். உள்ளே போனாள். ஒரு பக்கத்து நாரை அலகால் இழுத்துப் பார்த்தாள், பிடிக்கவில்லை, பறந்துவிட்டாள்.

ஜுனைதாவுக்கு அந்தக் குருவிமேலும் பொறாமை வந்தது. இந்த உள்ளங்கையளவு சீவனுக்குக்கூட, எனக்கு இந்த வீடு வேண்டாம், எனக்கென்று புதிதாக ஒன்று கட்டித் தா என்று கேட்க முடிகிறது. தன்னால் முடிந்ததா? ஓலையின் நுனியில் பாதியில் விட்ட கூடொன்று வாய் திறந்தபடி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவளுக்கு யன்னல் மட்டத்தில் நின்றுபோன தன் வீட்டு ஞாபகம் வந்து, கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அந்தக் கிழமையே கூட்டம் வைத்தார்கள். வாய்க்கால் கட்டில், பிள்ளைகள் பறவை பார்க்கிற இடத்தில், பெரிய அறிவிப்புப் பலகை ஒன்று நாட்டப் போகிறார்கள். அதன் நடுவில் லைலா ரீச்சரின் தூக்கணாங்குருவிப் படத்தைப் பெரிதாக வரைந்து, ‘மர்ஹூமா சித்தி லைலா ஆசிரியை நினைவாக’ என்று எழுதப்போவதாக றஸாக் முந்தின இரவே சொல்லியிருந்தார். சொல்லும்போது அவர் ஜுனைதாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஸம்றா சந்தோசத்தில் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள்.

படத்தில் பிழை இருக்கிறது என்று அப்போதே சாப்பாட்டு மேசையில் மெல்லச் சொல்லியிருக்கலாம். ‘மச்சான், இதக் கொஞ்சம் பாருங்க’ என்று ஒரு சொல் போதும். ஜுனைதா சொல்லவில்லை. மீன் குழம்பை அள்ளி எல்லார் சோற்றுக் கோப்பையிலும் விட்டாள். வீட்டுக்குள் சொன்னால் பிழை வீட்டோடு போய்விடும். சபையில் சொன்னால்தான் ருசி.

மண்டபத்தில் பெண்கள், பிள்ளைகள், இரண்டு மூன்று ஆசிரியர்கள். ஸம்றாவும் இன்னொரு பிள்ளையும் படத்தை இரண்டு பக்கமும் பிடித்து உயர்த்திக் காட்டினார்கள். ஸம்றாவின் முகம் பெருநாள் காலை போல இருந்தது. கஜேந்தினி அந்தப் படத்தை அன்றுதான் முதன்முதலாகக் கிட்டவிருந்து பார்க்கிறாள். அவள் குனிந்து பார்த்தாள். இவள் கண்டுபிடித்துவிடுவாளோ, எனக்கு முந்திச் சொல்லிவிடுவாளோ என்ற பதற்றத்தில் ஜுனைதா கையை உயர்த்தவும் மறந்து எழும்பிவிட்டாள்.

“மிஸ், அந்தப் படத்தில பிழ இரிக்கி.”

எல்லாரும் திரும்பினார்கள்.

“மஞ்சள் தலைக்குக் கீழ பெண் எண்டு கிடக்கு. கூடு கட்டுற ஆண் எண்டு நீங்கதானே படிப்பிச்ச. நான் போய்க் கண்ணாலயும் பாத்தன்.” இதோடு நிறுத்தியிருக்கலாம். நாக்கு நிற்கவில்லை. “ரீச்சர் இத்தன புள்ளைகளுக்கும் மாறித்தான் படிப்பிச்சிரிக்கா.”

கஜேந்தினி சங்கடத்தோடு தலையாட்டினாள். “அவங்க சொல்றது சரிதான். ஆனா அது பெரிய விசயமில்ல, பேர மட்டும் மாத்தி…”

“ரீச்சரும் பாவம், நம்மட ஊட்டுக் கணக்கிலதான் குருவியையும் கீறியிரிக்கா!” என்றாள் சல்மா உம்மா. மண்டபம் சிரித்தது. கெட்ட சிரிப்பில்லை, ஊர்ச் சிரிப்புத்தான். ஆனால் ஸம்றாவின் முகத்தில் பெருநாள் அணைந்துபோனது. றஸாக் எழும்பினார்.

“ஓம், பிழதான். மாத்திப் போடலாம்” என்றார். ஜுனைதாவைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தார்.

ஸம்றா படத்தைச் சுருட்டினாள். “வேணாம் மிஸ். எங்கட உம்மாட படத்தப் போட வேணாம்.” அவ்வளவுதான். செருப்பையும் போடாமல் வெளியே போய்விட்டாள்.

அன்றிரவு றஸாக் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது, “என்னட்டச் சொல்லியிருக்கலாமே ஜுனைதா” என்றார். அவள் சண்டைக்கு ஆயத்தமாகப் பத்துப் பதில் வைத்திருந்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார்.

ஹோல் சுவர் வெறுமையாகக் கிடந்தது. படம் தொங்கிய இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது. மூன்று வருடமாக அவள் கேட்டதெல்லாம் அந்த வெறும் சுவரைத்தான். கிடைத்தபோது அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. றஸாக் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கட்டுக்குப் போனார். ஸம்றா போகவில்லை. கொல்லையில் முருங்கையடியில் ஒரு பலகைக் கட்டையில், மடியில் சுருட்டிய படத்தோடு இருந்தாள். ஜுனைதா ரொட்டியைக் கோப்பையில் போட்டுக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். பிள்ளை தொடவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். வாயில் வந்ததோ வேறு.

“பிழயப் பிழ எண்டுதானே நான் சொன்ன.”

“உம்மா பிழயாப் படிப்பிக்கல்ல.” ஸம்றா நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருடத்தில் முதன்முறையாக அந்தக் கண்ணில் கோபம் இருந்தது. “படத்தத்தான் உம்மா கீறின. பேரெழுதினது நான்.”

“நீங்களா?” என்றாள் ஜுனைதா.

“நான் ரெண்டாம் வகுப்பு. நான்தான் எழுதுவன் எண்டு அடம்புடிச்ச. ஊடு பொம்புளட தானே, அப்ப கட்டுற குருவி பெண்தான் எண்டு நெனச்சி எழுதிட்டன். உம்மா பாத்துட்டுச் சிரிச்ச. ‘மஞ்சள்தான் மாப்பிள, மாறி எழுதிட்டீங்க’ எண்டு சொன்ன. நான் படம் பழுதாப் போச்செண்டு அழுதன். உம்மா என்னத் தூக்கி மடியில வெச்சி, ‘கிடக்கட்டும் மகள், நாளைக்கு மாத்துவம்’ எண்டு சொன்ன.” ஸம்றா பொலித்தீன் உறையை விரலால் தடவினாள். “அடுத்த நாள் வெள்ளன வாப்பா என்ன மோட்டச்சைக்கிள்ள மாமிட ஊட்டுக்குக் கூட்டிப் போன. மாமிட மகள் மதினிக்குக் காட்ட இதையும் கொண்டு போன. அதால இது மிஞ்சின.”

அது கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவள் சொல்லவில்லை. இந்தக் கரையில் யாருக்கும் அதைச் சொல்லத் தேவையில்லை.

ஜுனைதா பிள்ளைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். செத்தவளை வெட்டுகிறேன் என்று வீசிய கத்தி உயிரோடிருக்கிற பிள்ளையில் பட்டிருக்கிறது. மண்டபம் முழுக்கச் சிரித்தது இந்தப் பிள்ளையைப் பார்த்து. தகப்பனும் அதை அறிந்துதான், பிள்ளையைக் காட்டிக்கொடுக்காமல் ‘பிழதான்’ என்று ஒப்புக்கொண்டார். ஜுனைதாவுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கத்துக்கு நடுவிலும், உள்ளதைச் சொன்னால், பொறாமை போகவில்லை. இப்போதுதான் அது சரியான இடத்தில் வந்து குத்தியது. வீட்டுக்காகப் பொறாமைப்பட்டதும் படத்துக்காகப் பொறாமைப்பட்டதும் சும்மா. ஒரு பிள்ளை அழுகிறது என்பதற்காக ஒரு பிழையை ஓர் இரவு அப்படியே விட்டுவைக்க லைலாவுக்கு முடிந்திருக்கிறது. தனக்கு ஒரு பின்னேரம் முடியவில்லை. அதற்குத்தான் ஜுனைதா லைலாமேல் பொறாமைப்பட்டாள், அழுகை வருமளவுக்குப் பொறாமைப்பட்டாள்.

“படம் போர்ட்ல வரட்டும்” என்றாள் கடைசியில். “உம்மாட பேரும் வரட்டும். ரீச்சர் சரியாத்தான் படிப்பிச்ச, நான்தான் தெரியாமச் சொல்லிட்டன் எண்டு நான் சபையில சொல்றன்.”

“நான் எழுதின எண்டு சொல்லாதீங்க.”

“சொல்ல மாட்டன்.”

“சல்மா உம்மா உங்களப் பாத்துச் சிரிப்பா.”

“ஒரு மாசத்துக்குச் சிரிப்பா. சிரிக்கட்டும்.”

ஸம்றா ரொட்டியை எடுத்துப் பிய்த்தாள். “சம்பலுக்கு உப்புக் கூடிட்டு” என்றாள். அந்த வீட்டில் அவள் சொன்ன முதல் குறை அது. ஜுனைதாவுக்குக் காது குளிர்ந்தது.

சாப்பிட்டு முடிந்ததும் ஜுனைதா ஹோலில் கதிரையை இழுத்துப் போட்டு ஏறினாள். ஸம்றா கீழேயிருந்து படத்தை எடுத்துக் கொடுத்தாள். ஜுனைதா தன் கையாலேயே அந்தப் படத்தைப் பழைய ஆணியில், வெளுத்த சதுரத்துக்கு மேல் கொளுவினாள். கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருந்தது. நேராக்கினாள். மஞ்சள் தலையன் நாரோடு தொங்கினான். கிட்டவிருந்து பார்க்கும்போதுதான் தெரிந்தது, ‘பெண்’ என்ற எழுத்து ஒரு பக்கம் பெருத்து, ஒரு பக்கம் இளைத்து, கோட்டைவிட்டு இறங்கி ஓடியது. மூன்று வருடம் தினமும் பார்த்தும், இது ஒரு சின்னப் பிள்ளையின் கையெழுத்து என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஸம்றா அறைக்குள் போய்க் கறுப்பு மார்க்கர் பேனையொன்றை எடுத்து வந்தாள். மூடியைக் கழற்றிக்கொண்டு கதிரையடியில் நின்றாள்.

“சாச்சி, போர்ட்ல பெயின்டர் சரியா எழுதுவான். இதையும் மாத்தவா? வாறவங்க கண்டா சிரிப்பாங்க.”

ஜுனைதா ஒரு கை சுவரில் ஊன்றியபடி திரும்பிப் பார்த்தாள்.

“கிடக்கட்டும் மகள்” என்றாள். “நாளைக்கு மாத்துவம்.”

சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று அவளுக்கு உறைத்தது. திருப்பி எடுக்க முடியாது. ஸம்றா பேனையின் மூடியைப் போட்டு, கதிரையிலிருந்து இறங்க அவளுக்குக் கை கொடுத்தாள்.